கடலடியில் கேட்கும் குரல்

காசிமேட்டு விசைப்படகுகளில் டிரைவர் நிற்கும் கேபினுக்குள் ஒரு சின்னத் திரை இருக்கும். எக்கோ சவுண்டர் என்பது முழுப்பெயர். துறைமுகத்தில் எல்லோருக்கும் அது ‘எக்கோ’. படகின் அடியில் பொருத்திய குமிழிலிருந்து ஒலித்துடிப்பு கீழே போகும், தரையில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கணக்கிட்டுத் திரை ஆழத்தை வரையும். கரையில் கட்டிக் கிடந்த படகொன்றில், வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்களைத் தாண்டி என்னைக் கேபினுக்குள் அழைத்துப்போய் அதைப் போட்டுக் காட்டினார் ஒரு டிரைவர்.

“செவப்பா, தடிப்பா வந்துச்சுன்னா கீழ பார், அதான் பாறை, கெடக்குதுன்னு அர்த்தம் சார். மெல்லிசா கோடு மாதிரி ஓடுனா சேறு. நடுவுல பொட்டுப் பொட்டா வந்தா மீனு.”

“வலை கிழியற இடம் தெரியுமாண்ணே?”

“அத்த ஜிபிஎஸ்ல பாயிண்ட்டு போட்டு வெச்சிருவோம். ஒருவாட்டி மாட்டுன எடத்துல திரும்பப் போயி மாட்டிக்கக் கூடாதுல்ல.”

“எவ்வளவு ஆழம் வரைக்கும் பார்க்கலாம்?”

“நூறு பாகம், நூத்தம்பது பாகம். அதுக்கு மேல எங்களுக்கு இன்னா சார் வேல?”

பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம்; ஏறத்தாழ ஆறடி. கையால் கயிற்றை இழுத்து ஆழம் பார்த்த காலத்து அளவு அது. திரை வந்த பிறகும் அளவு மாறவில்லை. அந்தக் கணக்கில் சொன்னால், சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தள்ளி ஓரிடத்தில் ஆழம் ஆயிரத்து எண்ணூறு பாகத்துக்கு மேல். எந்த வலையும் எட்டாத அந்தத் தரையில் உடைந்த விமானம் ஒன்று கிடக்கிறது. அது விழுந்தது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். அது கிடக்கும் இடம் தெரிய ஏழரை ஆண்டு ஆயிற்று.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏஎன்-32 வகைப் போக்குவரத்து விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அதன் பதிவு எண் கே-2743. உள்ளே 29 பேர். பதினொன்றே முக்கால் மணிவாக்கில் அந்தமானில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்பதேகால் மணிக்குச் சற்று முன்பு, 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்ததை ரேடார் பதிவு செய்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று நாட்டின் மிகப்பெரிய கடல் தேடல்களில் ஒன்று நடந்தது. மிதக்கும் துண்டு ஒன்றுகூட அகப்படவில்லை. செப்டம்பரில் 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருத முடிவாயிற்று.

அந்த விமானத்துக்கு அன்று என்ன நேர்ந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. விசாரணை செய்யாதவன் சொல்லும் காரணம் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் அந்த நாளில் அந்த உயரத்தில் வங்கக் கடலின் மேல் காற்று எப்படி இருக்கும், இறக்கை அதில் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லலாம். அதற்கு முதலில் இறக்கை எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். செம்பழுப்பு உடலும் வெள்ளைத் தலையுமாகச் செம்பருந்துகள் சுற்றிக்கொண்டிருக்கும். கன்னத்தில் போட்டுக்கொண்டு கருடன் என்பார்கள் நம் மக்கள். கழித்துப்போட்ட மீன்குடலுக்காக ஒன்று இறங்கும்போது அதன் இறக்கை நுனியைக் கவனியுங்கள். சிறகுகள் விரல்களைப் போலத் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த இடைவெளிகள் வழியே காற்று பீறிட்டு மேல்பரப்பில் ஒட்டி ஓடுவதால், வேகம் குறைந்து இறக்கையை நன்றாகச் சாய்த்த நிலையிலும் பறவை பொத்தென்று விழுவதில்லை. பெரிய விமானம் இறங்கும்போது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஒரு பட்டை முன்னால் நகர்ந்து இடைவெளி திறப்பதை ஜன்னலோர இருக்கையில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான். இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் சிறுதுடுப்பும் நுனியில் சுழலும் காற்றை அடக்கி எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வந்தது. 1970களில் நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இறக்கை ஏன் தாங்குகிறது என்பதற்குப் பல பள்ளிப் புத்தகங்களில் ஒரு தவறான விளக்கம் இன்னும் இருக்கிறது. மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டுமாம், மேல்பரப்பு நீளம் என்பதால் அங்கே காற்று வேகமாக ஓடுகிறதாம். அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்கு இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேலே போன காற்று முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுவது தெரியும். உண்மையில் நடப்பது இது: இறக்கை தன்னைச் சுற்றிப் போகும் காற்றைக் கீழ்நோக்கி வளைக்கிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம் என்பது அந்த வளைவின் மறுபக்கக் கணக்கு.

எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. வடசென்னைப் பையன்களுக்கு இது கைப்பாடம். காத்தாடிக்குச் சூத்திரம் கட்டும்போது மேல்நூலைக் கொஞ்சம் நீட்டுவார்கள், கீழ்நூலைக் கொஞ்சம் குறைப்பார்கள், வாயில் வைத்துப் பிடித்து முடிச்சை நகர்த்துவார்கள். அவர்கள் சரிசெய்வது காத்தாடி காற்றைச் சந்திக்கும் கோணத்தை. கோணம் சரியென்றால் காத்தாடி ஜிவ்வென்று ஏறும். மிஞ்சினால் தள்ளாடும், கரணம் போடும், குத்தும். ரைட் சகோதரர்களும் 1899இல் இறக்கையை முறுக்கிப் பார்க்கும் சோதனையை ஒரு காத்தாடியில்தான் செய்தார்கள்.   

விமான இறக்கைக்கு இந்த எல்லை பெரும்பாலும் பதினைந்து டிகிரிக்கு அக்கம்பக்கம். அதைத் தாண்டினால் மேல்பரப்பில் ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தாங்குவிசை சரியும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். வண்டி நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகும். மீள வழி ஒன்றுதான்: மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைக்க வேண்டும். விழுந்துகொண்டிருக்கும் விமானத்தில் மூக்கை மேலும் கீழே தள்ள வேண்டும் என்பது மனித உள்ளுணர்வுக்கு நேர்விரோதமானது. எத்தனையோ உயிர்கள் அந்த விரோதத்தில் போயிருக்கின்றன.

இனி மேகத்துக்கு வருவோம். காசிமேட்டிலிருந்து தெற்கே பார்த்தால் துறைமுகம். ராஜாஜி சாலையில் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து மாடியில் ஒரு வெள்ளைக் கோளம் உட்கார்ந்திருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் அது. மழை எங்கே பெய்கிறது என்பதோடு, மேகத்துக்குள் துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, எந்த வேகத்தில் என்பதையும் அது அளக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் மேல் எழும் இடிமேகங்கள் பதினைந்து கிலோமீட்டரையும் தாண்டி வளரக்கூடியவை. நம் வெப்பமண்டலத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்தைத் தொடும். அதற்கு மேலே, 23,000 அடியில், சுழியத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கீழே. அங்கே எல்லாத் துளிகளும் உறைந்துவிடுவதில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பிறகும் தண்ணீராகவே மிதக்கும் துளிகள் ஏராளம். அவை எதிலாவது மோதிய நொடியில் பனிக்கட்டியாகிவிடும். இறக்கையின் முன்விளிம்பு அப்படி மோதும் ஒரு பொருள்.

பனி கனமாகப் படிந்து பாரத்தால் விமானத்தை இழுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரம் சின்ன விஷயம். கெடுவது வடிவம். சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்தாலே தாங்குவிசை 30 விழுக்காடு வரை குறையலாம், இழுவை 40 விழுக்காடு வரை கூடலாம் என்கின்றன காற்றுச் சுரங்க ஆய்வுகள். பத்து டிகிரியிலேயே ஸ்டால் வந்துவிடக்கூடும். விமானிக்குப் பழக்கமான எல்லை அவருக்குத் தெரியாமலே நகர்ந்துவிடுகிறது என்பதுதான் இதில் பயங்கரம்.

இன்னொரு வகைப் பனியை விஞ்ஞானிகள் புரிந்துகொள்ளத் தாமதமாயிற்று. இடிமேகத்தின் உச்சியில் மாவுபோல மிதக்கும் பொடிப் பனித்துகள்கள். இவை இறக்கையில் ஒட்டாது, ரேடாரிலும் சரியாகத் தெரியாது. ஆனால் வேகம் அளக்கும் பிட்டோ குழாயின் வாயை அடைக்கும், எஞ்சினுக்குள் போய் உருகி மறுபடி உறையும். 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் நடந்தது இதுதான். குழாய்கள் சில நொடிகள் அடைபட்டன. வேகக் கணக்கு பொய்யாயிற்று, தானியங்கி விலகிக்கொண்டது. இருட்டில், குழப்பத்தில், கட்டுப்பாட்டைக் கையில் எடுத்த விமானி மூக்கை உயர்த்தினார். 38,000 அடியில் விமானம் ஸ்டால் ஆனது. எச்சரிக்கை ஒலி எழுபது தடவைக்கு மேல் கத்தியது. தானியங்கி விலகியதிலிருந்து அட்லாண்டிக்கில் மோதியது வரை 4 நிமிடம் 23 நொடி. 228 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் நொடிக்கணக்கில் எழுத எனக்கு முடிகிறது. எப்படி? அந்த விமானத்தின் பதிவுக்கருவிகளை 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011 மே மாதத்தில் எடுத்தார்கள். அதனால்தான் உலகெங்கும் விமானிகளுக்கு ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சியைப் புதிதாக வகுத்தார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆய்வு விமானங்களை ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் அனுப்பி, 2014, 2015ஆம் ஆண்டுகளில் இடிமேக உச்சிகளுக்குள்ளேயே பறந்து பனித்துகளை அளந்தார்கள். அந்தப் பதிவுகள் கடலடியிலேயே கிடந்திருந்தால் “வானிலை காரணம்” என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில் மீனவர்களின் பங்கைச் சொல்லியாக வேண்டும். விமான அறிவியலின் வரலாற்றில் அவர்கள் நாம் நினைப்பதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் காமெட். 1953 மே 2 அன்று ஒரு காமெட் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் புயல்மேகத்துக்குள் உடைந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். பழி காற்றின்மேல் போயிற்று. 1954 ஜனவரி 10 அன்று இன்னொரு காமெட், ரோமிலிருந்து எழுந்து, இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. அன்று பழி போடப் புயல்மேகம் எதுவும் இல்லை. மேலே இடிபோன்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்கள் எல்பா மீனவர்கள். துண்டுகள் தீப்பிடித்தபடி கடலில் விழுவதைக் கண்டு படகை அங்கே திருப்பி, உடல்களை மீட்டுக் கரைசேர்த்தவர்களும் அவர்களே. எங்கே விழுந்தது என்று அவர்கள் காட்டிய கைதான் தேடலுக்கு வழிகாட்டி. பிரிட்டிஷ் கடற்படை நீருக்கடியில் தொலைக்காட்சிக் கேமராவை இறக்கித் தேடியது. மடிவலை இழுக்கும் படகுகளும் சேர்ந்து அரித்தன. எடுத்த துண்டுகளை ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் மரச்சட்டத்தில் அடுக்கி விமானத்தை மறுபடி உருவாக்கினார்கள்.

இன்னொரு காமெட்டின் முழு உடலையும் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஏறுவது இறங்குவதுபோல அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் உடல் கிழிந்தது. திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்துப்போய் விரிசல் விட்டிருந்தது. கடலிலிருந்து வந்த கூரைத் துண்டிலும் அதே கதை. அதன் பிறகு விமான ஜன்னல்களின் மூலைகளை இன்னும் நன்றாக வளைத்தார்கள். அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது ஜன்னலின் வளைந்த மூலையை விரலால் தடவிப் பாருங்கள். எல்பா கடலிலிருந்து வந்த பாடம் அது. காமெட் விசாரணையில் வேலை செய்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன், விமானிகளின் அறையில் கடைசியாகப் பேசியதையாவது பதிவு செய்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் நாம் கறுப்புப் பெட்டி என்று சொல்லும் ஆரஞ்சு நிறப் பெட்டி.

பெட்டி இருந்தால் போதாது. அது இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்குள் அது கஷ்டம். ரேடியோ அலை உப்புநீரில் சில அடிகளிலேயே மாண்டுபோகும். ஆபத்தில் செயற்கைக்கோளை அழைக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி நீர்ப்பரப்புக்கு மேலே இருக்கும்வரை நன்றாகப் பேசும். பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையம் அந்த அழைப்பை வாங்கி, கடற்காவல் படைக்குச் சொல்லும். விமானம் மூழ்கிவிட்டால் அது ஊமை. நீருக்கடியில் பேசத் தெரிந்தது ஒலி மட்டுமே. காற்றில் போவதைப்போல நாலரை மடங்கு வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர், ஒலி கடலில் ஓடும். எக்கோவின் ரகசியமும் அதுதான்.

ஆகவே பதிவுப்பெட்டியோடு ஒரு சின்ன ஒலிக்கருவியைக் கட்டிவிடுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் உலோக உருளை. தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு நொடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று துடிக்கும். அதன் சுருதி 37.5 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்கு எட்டாது. மின்கலம் 30 நாள் தாங்கும் என்பது பழைய விதி.

இதன் அருமையைக் கடலூர்க் கடல் காட்டியது. 2015 ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் போன கடற்காவல் படையின் டார்னியர் விமானம் அன்றிரவு திரும்பவில்லை. உள்ளே மூன்று அதிகாரிகள். அதில் ஒலிக்கருவி இருந்தது. கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி கீழே போய்க் காதை வைத்துக் கேட்டது. விட்டுவிட்டு வந்த துடிப்பு அதற்குக் கேட்டது. ஜூலையில் ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற கப்பல் கம்பி வழியாக இயக்கும் ரோபோவை இறக்கி, கடலூருக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பதிவுப்பெட்டியை எடுத்தது. மூன்று குடும்பங்களுக்கும் ஒரு மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில் பதில் கிடைத்தது. அது நல்ல பதில் அல்ல. ஆனாலும் பதில்.

அடுத்த ஆண்டு காணாமல்போன ஏஎன்-32இல் நீருக்கடியில் துடிக்கும் அத்தகைய கருவி இல்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. ஒரு மாதத்துக்கும் ஏழரை ஆண்டுக்கும் இடையில் நின்றது அந்த உள்ளங்கை அளவு உருளை.

கருவி இருந்தாலும் ஆழம் ஒரு சோதனைதான். சுருதி கூடக்கூட ஒலியைக் கடல்நீர் வேகமாகக் குடித்துவிடும். திருவொற்றியூரில் ஒரு தெருக்கோடியில் மேளம் கட்டினால் ‘தும்’ என்ற அடி நான்கு தெரு தாண்டியும் வரும். கூடவே ஆடுகிறவரின் சலங்கை அடுத்த வீட்டோடு நின்றுவிடும். 37.5 கிலோஹெர்ட்ஸ் சலங்கை. அது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் தெளிவாகக் கேட்காது. 3,400 மீட்டர் ஆழத்தில் அது துடித்தால் நேர் மேலே நிற்கும் கப்பலுக்கும் கேட்பது சந்தேகம். கேட்கும் கருவியை நீளமான வடத்தில் கட்டி ஆழத்தில் இழுக்க வேண்டும். இதனால் 8.8 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் இன்னொரு கருவியை உருவாக்கினார்கள். அது மேளம். கிலோமீட்டருக்கு அதன் இழப்பு முன்னதில் பத்தில் ஒரு பங்குதான். கடலுக்கு மேல் நீண்டதூரம் பறக்கும் பயணிகள் விமானங்களின் உடலில் இப்போது இதைப் பொருத்துகிறார்கள். பதிவுப்பெட்டிக் கருவியின் ஆயுளும் 30 நாளிலிருந்து 90 நாளாயிற்று.

இந்த மாற்றங்களுக்கு ஏர் பிரான்ஸ் 447 அடிபோட்டது, எம்எச் 370 முடுக்கியது. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் அது. மீனவர்களின் உரிமைகளுக்காகச் சென்னையிலிருந்து நெடுங்காலம் உழைத்த பெண்மணி ஒருவரும் அதில் இருந்தார். அன்றைக்கு இந்தக் கடற்கரை ஊர்களிலும் கண்ணீர் இருந்தது. அந்த விமானத்தின் பதிவுப்பெட்டி ஒன்றிலிருந்த ஒலிக்கருவியின் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது. கருவி வாங்குவதோடு கடமை முடியவில்லை. தேதி பார்த்து மின்கலம் மாற்றும் ஊழியரும் விமானப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

மறைந்த பிறகு தேடுவதைவிட மறையும்போதே தெரிந்துகொள்வது மேல் என்ற எண்ணம் அதன் பிறகுதான் விதியாக வந்தது. பெரிய பயணிகள் விமானம் கடல் மேல் போகும்போது 15 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அது இருக்குமிடம் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். புதிதாக வரும் பெரிய விமானங்களில், நிலை விபரீதமானால் விமானியைக் கேட்காமலே நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்பிடத்தை அனுப்பும் கருவி வேண்டும். ஒரு நிமிடக் கணக்குக்குக் காரணம் எளிது: விழுந்த இடத்தைச் சுற்றி ஆறு கடல் மைலுக்குள் தேடினால் போதும் என்ற நிலை வரும்.

சரி, துடிப்பே இல்லாத ஏஎன்-32 எப்படிக் கிடைத்தது? பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழம் வரை தானாகப் போகும் நீருக்கடி வாகனம் ஒன்றை வைத்திருக்கிறது. பெயர் ஓஎம்இ-6000. ஆழ்கடல் தரையில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் கனிமங்களைத் தேட வாங்கியது. ஆளில்லை, கட்டிய கயிறு இல்லை. சொல்லிக்கொடுத்த பாதையில் தரையை ஒட்டி வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிவரியாகப் போய்வரும்.

அதன் கண்ணும் ஒலிதான். எக்கோ நேர் கீழே ஒரு புள்ளியைப் பார்க்கிறது. இது விசிறிபோலப் பல ஒலிக்கற்றைகளை விரித்து அகலமாகப் பார்க்கும். இன்னொரு வித்தையும் அதற்குத் தெரியும். நகர்ந்துகொண்டே அனுப்பிய நூற்றுக்கணக்கான துடிப்புகளின் எதிரொலிகளைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்துவிடும்; சின்னக் கருவி, பல மீட்டர் நீளமுள்ள பெருங்கருவியின் கூர்மையைப் பெற்றுவிடும். சேற்றில் கிடக்கும் ஒரு தகட்டின் விளிம்புகூட அதன் நிழலோடு படத்தில் விழும். சந்தேகமான இடத்தில் தாழப் போய் விளக்குப் போட்டுப் படம் எடுக்கும். அந்த ஆழத்தில் சூரிய ஒளியின் ஒரு துளியும் கிடையாது.

விமானம் கடைசியாகத் தெரிந்த இடத்தின் பக்கம் அதை இறக்கினார்கள். 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில் உடைந்த விமானத்தின் பாகங்கள் தெரிந்தன. படங்களை ஆராய்ந்ததில் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல்போன பதிவே இல்லை என்பதால் இது கே-2743 ஆகவே இருக்கக்கூடும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜனவரி 12 அன்று அறிவித்தது. கனிமம் தேடப்போன கருவி ஊர்போன பிள்ளைகளின் தடத்தைக் காட்டிக்கொடுத்தது. இந்திய விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் செய்த இந்த வேலையைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் எனக்கு ஒரு குறை ஆறவில்லை. இருப்பிடம் சொல்வது, ஒலிக்கருவி வைப்பது பற்றிய மேற்சொன்ன பன்னாட்டு விதிகள் பயணிகள் விமானங்களுக்கானவை. 1944இன் சிகாகோ ஒப்பந்தம் ராணுவ, காவல், அரசு விமானங்களைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. அவற்றுக்கு விதி எழுத வேண்டியவர்கள் அந்தந்த நாட்டு அரசுகள். நம்மைக் காக்கப் போகிறவர்களுக்குக் குறைந்த காவல் போதும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

எக்கோ காட்டிய டிரைவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்காளுங்களும் போயி வராதவங்க இருக்காங்க சார், அவங்கள யாரு தேடுறது?” என்றார். 2017 நவம்பரில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களை ஆழ்கடலில் பிடித்தபோது வயர்லெஸ் எட்டும் தூரத்துக்கு அப்பால் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போனவர்களில் பலர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகுதான் இஸ்ரோ வடிவமைத்த, செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு என்று 2024இல் மத்திய அரசு திட்டம் தொடங்கியது. விமானத்தில் ஓட்டுகிறவரைக் கேட்காமலே இருப்பிடம் சொல்லும் கருவியும் படகிலிருக்கும் இந்தப் பெட்டியும் உறவுக்காரர்கள்தாம்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். வங்கக் கடலைத் தாண்டும் விமானம் எந்தச் சீருடையினருடையதாக இருந்தாலும், 90 நாள் துடிக்கும் ஒலிக்கருவியும் தானாக இருப்பிடம் சொல்லும் கருவியும் இல்லாமல் ஓடுபாதையை விட்டு எழக்கூடாது என்று அரசு விதி செய்ய வேண்டும். காசிமேட்டுப் படகுக்காரர்கள் டிரான்ஸ்பாண்டரை அணைத்து வைக்காமல் ஓடவிட வேண்டும்; அதன் மின்கலத்தை ஒவ்வொரு முறையும் கரையை விட்டுக் கிளம்புமுன் பார்த்துவிட வேண்டும்.